எட்டு வளைவு இறக்கம்

கொடகவெல,
2024 பெப்ரவரி 11

அன்புத் தம்பி அஜந்தனுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? போன மாதம் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இருமிக்கொண்டே இருந்தாய். மருந்து கேட்டு வாங்கிக் குடி. இங்கே நானும் உன் மச்சானும் ஷாமிளாவும் சுகமாக இருக்கிறோம். ஷாமிளா நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். வெளிநாட்டில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் இங்கே ஒரு துக்கம் நடந்தது. மேல் லயத்துப் புஷ்பலதாவுக்கு வலி கண்டதும் உன் மச்சான்தான் காரில் ஏற்றினார். அவள், அவள் அம்மா, புருஷன், மருத்துவிச்சி என்று நாலு பேர். நல்ல மழை. லயத்து வீடுகளிலிருந்து கோயில்மேடு வரை இருக்கும் ஏற்றம் உனக்குத் தெரியும். அதில் பாதியில் கார் நின்றுவிட்டது. ஆம்பிளைகள் தள்ளினார்கள். எஞ்சின் கொதித்து ஆவி விட்டது. கடைசியில் ரோட்டோரத்திலேயே மழை படாமல் படங்குத் துணி பிடித்துப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை தங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை இவர் காரைத் தொடவே இல்லை. போன சனிக்கிழமை திடீரென்று, "ஏறாத வண்டிய வச்சிக்கிட்டு என்ன செய்ய? பெரிய எஞ்சின் போடப் போறேன்" என்றார். எண்ணூறு சிசி காருக்குள் ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின் வைக்கலாமாம். டவுனில் கராஜ் வைத்திருக்கும் றினாஸ் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். உனக்கு எழுத வேண்டாம், உள்ளே இருக்கிறவனை ஏன் கவலைப்படுத்துகிறாய் என்றார். ஆனாலும் இது நீ செய்த தொழில். அதனால்தான் கேட்கிறேன். இது நல்லதா தம்பி?

நேரத்துக்குச் சாப்பிடு. உன் சுகத்துக்கு இரண்டு வரி எழுது.

அக்கா,
விஜயகலா


சிறையிலிருந்து,
2024 மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினாறு நாள் கழித்துக் கிடைத்தது. இங்கே அதிகாரிகள் தமிழ்க் கடிதங்களை வாசித்து அனுப்புவதற்குச் சுணக்கமாகிறது. இருமல் விட்டுவிட்டது. சாப்பாடும் பரவாயில்லை. மச்சானையும் ஷாமிளாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். புஷ்பலதாவின் செய்தி மனதை என்னவோ செய்தது.

அக்கா, நீங்கள் நேரில் பார்த்து எனக்கு எழுத வேண்டும். எஞ்சினைப் போட்டாயிற்றா? எஞ்சினோடு அது இருந்த வண்டியின் முன் பிரேக்கையும் எடுத்து மாட்டினார்களா, அல்லது பழைய பிரேக்கே இருக்கிறதா? இறங்கும்போது வாசனை ஏதும் வருகிறதா?

வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உடனே பதில் போடுங்கள்.

தம்பி,
அஜந்தன்


கொடகவெல,
2024 மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

நீ சுகம் என்று எழுதியதைப் பார்த்து நிம்மதி. எங்களுக்கும் குறை ஒன்றும் இல்லை. வெயில்தான் தாங்க முடியவில்லை. தேயிலைக் கொழுந்து குறைந்து, பாதிப் பேருக்கு வேலை இல்லை.

உன் கடிதம் வரும் முன்பே எஞ்சினைப் போட்டாயிற்று. றினாஸ் கெட்டிக்காரர். எஞ்சினைத் தாங்கும் பிடிகளை வெட்டி ஒட்டி, பெரிய ரேடியேட்டரும் வைத்துக் கொடுத்தார். முதல் நாள் லயமே திரண்டு வந்து பார்த்தது. நாலு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, அரிசி மூட்டையும் வைத்து, கோயில்மேட்டை மூன்றாவது கியரில் ஏறினார். மேலே போய் ஹோர்ன் அடித்தபோது கீழே பிள்ளைகள் கை தட்டினார்கள். புஷ்பலதா மட்டும் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ கேட்டதைக் கேட்டேன். பிரேக் பழையதுதானாம். "பிரேக் நல்லாத்தான் இருக்கு, அத ஏன் கழட்டணும்" என்கிறார்.

இதை அவரிடம் நான் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். ஏறும்போது எனக்கும் சந்தோஷம்தான். கோயில்மேட்டைத் தாண்டி எட்டு வளைவிலும் இறங்கும்போதுதான் பயம். முன்பு அந்தக் கார் தவழ்ந்து தவழ்ந்து இறங்கும். இப்போது முன்பக்கம் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரிப் போகிறது. ஐந்தாவது வளைவு தாண்டினால் ஏதோ கருகுகிற வாசனை வருகிறது. இவருக்கு வரவில்லையாம். நீ வாசனையைப் பற்றி எப்படித் தெரிந்து கேட்டாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


சிறையிலிருந்து,
2024 ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டுக்கு நீங்கள் எல்லோரும் சுகமாகச் சேர்ந்திருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். விளங்கும்படி எழுதுகிறேன். பெரிய எஞ்சின் வைத்தால் காரின் முன்பக்கம் பாரம் கூடும், வேகமும் கூடும். ஆனால் அதை நிறுத்த வேண்டியது அந்தப் பழைய சின்ன பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறும். அந்த வாசனை அதுதான். இன்னும் சூடேறினால் உள்ளே ஓடும் பிரேக் ஒயில் கொதிக்கும். கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு யார் மிதித்தாலும் கார் நிற்காது.

மச்சானிடம் சொல்லுங்கள். எந்த வண்டியின் எஞ்சினோ அதே வண்டியின் முன் பிரேக்கை மாட்டும்வரை ஆட்களை ஏற்றக் கூடாது. கட்டாயம் இறங்கத்தான் வேண்டுமென்றால், கோயில்மேட்டிலேயே முதல் கியரைப் போட்டு, ஆள் நடக்கிற வேகத்தில், எஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடலாம், மிதித்தபடியே வைத்திருக்கக் கூடாது.

நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். றினாஸ் சொன்னதாகச் சொன்னால் கேட்பார்.

தம்பி,
அஜந்தன்


கொடகவெல,
2024 மே 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. ஷாமிளாவுக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது எழும்பி விளையாடுகிறாள். எனக்குத்தான் உடம்பு ஒரு நிலையில் இல்லை.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை தம்பி. நீ எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இவருக்கு முகம் மாறிவிட்டது. "உள்ள இருந்துகிட்டு எனக்குப் பாடம் சொல்லித் தாறானா? அவன் செஞ்ச வேலைக்கு ரெண்டு பேர் போயிட்டாங்க" என்றார். பிறகு அப்படிச் சொன்னதற்கு அவருக்கே வருத்தம், வெளியே போய் நின்றார். நான் திரும்பவும் பேச்சை எடுக்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, பள்ளிக்கூட பஸ் வரவில்லை. ஐந்து பிள்ளைகளை ஏற்றினார். ஷாமிளா முன்னால், நான் அவளை மடியில் வைத்திருந்தேன். ஆறாவது வளைவில் இவர் கால் முழுதாக உள்ளே போனது. நான் பார்த்தேன். கார் நிற்கவில்லை. கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்ணில் உரசி உரசி நிறுத்தினார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அரை மணித்தியாலம் நின்ற பிறகு பெடல் திரும்பவும் இறுகியது. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றார். அவர் உதடு வெளுத்திருந்தது.

அன்றிலிருந்து காரின் சத்தம் கேட்டாலே நான் வேலை செய்யும் பிள்ளைக்காம்பராவில் என் கையிலிருக்கிற பால் போத்தல் நழுவுகிறது. அங்கே என்னை நம்பிப் பதினாலு பிள்ளைகளை விட்டுப் போகிறார்கள், நானோ வேறெதையோ கேட்டபடி இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ரம்புக்கனையில் அந்தப் பையன் கண்மூடித்தனமாக ஓட்டினதால்தான் விபத்து, உன்னை வீணாக மாட்டிவிட்டார்கள் என்றுதான் நாங்கள் இவ்வளவு நாளும் எல்லோரிடமும் சொன்னோம். நீயும் அப்படித்தான் சொன்னாய். அந்தக் காருக்கும் நீ எஞ்சின் மாற்றினாயா?

அக்கா


சிறையிலிருந்து,
2024 மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஷாமிளாவுக்குச் சுகம் என்றது ஒன்றுதான் இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி. தெரிந்த ஓர் உத்தியோகத்தரிடம் கெஞ்சி இதை விரைவாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றினால் கலர் கலராக பியூஸ்கள் தெரியும். பெற்றோல் பம்புக்கு உரியது எது என்று மூடியின் உள்பக்கத்தில் படம் போட்டிருக்கும். அதை உருவி எடுத்து ஒளித்து வையுங்கள். ஸ்டார்ட் சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. புருஷனுக்குத் தெரியாமல் செய்யச் சொல்கிறேன், பிழைதான். மச்சான் என்னோடு எப்போதும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதிலைப் பிறகு எழுதுகிறேன்.

அஜந்தன்


சிறையிலிருந்து,
2024 மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பத்திரிகையில் இரத்தினபுரிப் பக்கம் விபத்து என்று எந்தச் செய்தி வந்தாலும் முதலில் பேர்களைத்தான் தேடுகிறேன். நீங்கள் மூன்று பேரும் உயிரோடு சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இதை அதிகாரி வாசிப்பார். வாசிக்கட்டும்.

ஆமாம் அக்கா. அந்தக் காருக்கும் நான்தான் எஞ்சின் மாற்றினேன். ரம்புக்கனையில் கடை வைத்திருக்கும் பாறூக் நானாவின் மகன் ஆதிப் கொண்டுவந்த கார். அதே மாதிரிச் சின்னக் கார், அதே அளவு எஞ்சின். பிரேக் சாமான் வந்து சேர இன்னும் பத்து நாள் ஆகும் என்றிருந்தது. அவன் தன் உம்மாவைக் கண்டிக்குக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், கார் ஓடுமா என்று கேட்டான். நானே ஓட்டிப் பார்த்திருந்தேன். இறக்கத்தில் வாசனை வந்தது. பெடலும் இறங்கியது. எனக்குத் தெரியும். ஆனால் வேலையை முடித்துக் கொடுத்த பெருமையில், "ஓடும், பிறகு கொண்டு வா" என்று சாவியைக் கொடுத்தேன். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போது ஏற்றம், ஒன்றும் ஆகவில்லை. திரும்பி இறங்கும்போது பிரேக் போனது. அவனும் போனான், அவன் உம்மா ஸாஹிராவும் போனார்.

எட்டு மாதம் நான் ஒளிந்து திரிந்தது பொலிசுக்குப் பயந்து என்று நினைத்தீர்கள். பாறூக் நானாவின் முகத்துக்குப் பயந்துதான் ஓடினேன். இப்போது வழக்கறிஞர் என்ன சொல்கிறார் தெரியுமா? கார் நல்ல நிலையில்தான் கொடுக்கப்பட்டது, பையன் வேகமாக ஓட்டினான் என்று சொன்னால் போதுமாம். மறுத்துப் பேச அவன் இல்லையே என்கிறார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள் அக்கா.

அஜந்தன்


கொடகவெல,
2024 ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். முதலில் அதை வாசித்து மூச்சு விட்டுக்கொள். மழையில் கீழ்ரோட்டில் மண் சரிந்து பத்து நாள் தபால் வரவும் இல்லை, போகவும் இல்லை. உன் இரண்டு கடிதமும் கையில் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றி இப்போது என்னால் எழுத முடியாது.

பியூஸை எடுத்தேன். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி, இவர் குளிக்கப் போன நேரம். வீட்டில் கறுவாப் பட்டை போட்டு வைக்கும் டின்னுக்குள் வைத்தேன். இவர் மூன்று நாள் காரோடு மல்லுக்கட்டினார். மழையில் றினாஸ் வர முடியவில்லை. அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும். ஆனாலும் பியூஸ் டின்னுக்குள் இருந்த அந்த நாட்களில்தான் நான் ஒழுங்காகத் தூங்கினேன்.

ரோடு திறந்த அடுத்த நாள், ஜூன் நாலாம் தேதி, காலை பத்து மணி போல பதினோராம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தவர்கள் மேல் குளவி கலைந்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். இலட்சுமி அக்காவுக்குத் தலையெல்லாம் கொட்டு. முகம் வீங்கி, நாக்குத் தடித்து, பேச்சு வரவில்லை. லொறி கொழுந்தோடு பெக்டரிக்குப் போயிருந்தது. அம்புலன்ஸ் வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள். இவர் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, பொனட் மேல் இரண்டு கையாலும் அறைந்தார். தம்பி, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிள்ளைகளைப் புஷ்பலதாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். போய்வரப் பத்து நிமிஷம். மூச்சு வாங்க வந்து பியூஸை அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாட்டினார். கார் ஸ்டார்ட் ஆனது.

பின்னால் இலட்சுமி அக்காவையும் கொட்டு வாங்கிய இன்னொரு பெண்ணையும் வைத்தார்கள். நான் முன்னால் ஏறினேன், கையில் உன் ஏப்ரல் மாதக் கடிதம். "நீ எறங்கு" என்றார். மாட்டேன் என்றேன். கோயில்மேட்டில், "மொத கியர் போடுங்க. கால பிரேக்ல இருந்து எடுங்க" என்றேன். போட்டார். கார் கத்திக்கொண்டு நடந்தது. பின்னால் இலட்சுமி அக்காவின் மூச்சு விசில் மாதிரி வருகிறது. வேகமாகப் போனால் நாங்கள் எல்லோரும் பள்ளத்தில், மெதுவாகப் போனால் அந்த மனுஷி சீட்டிலேயே. இதற்கு நடுவில் நான் வளைவை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாவது வளைவில் அந்த மூச்சுச் சத்தம் நின்று நின்று வந்தது. இவருக்குத் தாங்கவில்லை. "செத்துருவாங்க கலா" என்று இரண்டாவது கியருக்குத் தள்ளிப் பிரேக்கில் காலை வைத்தார். கார் பாய்ந்தது. உடனே அந்த வாசனை. நான் அவர் தொடையில் கையை வைத்து, "என்னங்க, அவங்களும் போய்ச் சேரணும். மொத கியர் போடுங்க" என்றேன். அவர் அழுதபடி முதல் கியரைப் போட்டார். அப்படியே எட்டாவது வளைவும் தாண்டினோம்.

ஊசி போட்டதும் இலட்சுமி அக்காவுக்கு மூச்சுத் திரும்பியது. இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் சுணங்கியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அந்தப் பத்து நிமிஷம் எது என்று எனக்குத் தெரியும். நான் பியூஸுக்கு ஓடியதும் பத்து நிமிஷம்தான். இதை நீ மட்டும் தெரிந்துகொள்.

வெளியே வந்தால் இவர் தண்ணீர்ப் போத்தலைச் சரித்து முன் சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் சீறி ஆவியாகப் போனது. திரும்பவும் ஊற்றினார், திரும்பவும் சீறியது. அப்படியே ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். உன் கடிதம் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். கடைசிக் கடிதத்தையும்தான்.

உடம்பைக் கவனி தம்பி. உன் மேல் எனக்குக் கோபமா என்ன என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


கொடகவெல,
2024 ஜூலை 14

மச்சான் அஜந்தனுக்கு,

சுதாகரன் எழுதுவது. உன் சுகத்தை அறிய ஆசை. நாங்கள் சுகம். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

றினாஸிடம் பேசி, நீ சொன்ன பிரேக்கைத் தேடி வாங்கி மாட்டியாயிற்று. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரையும் மாற்றக் கொடுத்திருக்கிறேன். ஆறு வாரம் கார் ஓடவில்லை. அந்த நாட்களில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. இப்போதும் எட்டு வளைவிலும் முதல் கியரில்தான் இறங்குகிறேன்.

புஷ்பலதாவின் குழந்தையை நான்தான் சாகவிட்டேன் என்று மனதில் ஏறிவிட்டது. அதனால் ஏறுவதைப் பற்றி மட்டுமே யோசித்தேன். நீ எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது, நீ சொன்னது பொய் என்பதால் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய அன்றே எனக்கும் தெரிந்துவிட்டது. பயத்தை வெளியே சொல்ல வெட்கம். கலா பியூஸை எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை.

உன் வழக்கைப் பற்றிப் பேச நான் பெரிய மனுஷன் இல்லை. நினைத்ததை எழுதுகிறேன். அன்றைக்கு நாங்கள் பள்ளத்தில் விழுந்து போயிருந்தால், சுதாகரன் வெறிபிடித்து ஓட்டிப் பெண்டாட்டியையும் கொன்றான் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். ஷாமிளா அதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்திருப்பாள். உனக்கு என்ன தண்டனை வந்தாலும் நாங்கள் பார்க்க வருவோம். மாமா எங்கே இருக்கிறார் என்று ஷாமிளாவுக்கும் சொல்லிவிட்டோம்.

மச்சான்,
சுதாகரன்


சிறையிலிருந்து,
2024 செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். ஷாமிளா எழுதி அனுப்பிய நாலு வரி கிடைத்தது. அவள் கையெழுத்து அக்காவுடையது மாதிரியே இருக்கிறது. இலட்சுமி அக்கா வேலைக்குத் திரும்பியதையும் எழுதியிருந்தாள்.

பதினெட்டாம் தேதி வழக்கு எடுத்தார்கள். முந்தின நாள் வழக்கறிஞரிடம் சொன்னேன், அவர் சொன்ன மாதிரி நான் சொல்லப் போவதில்லை என்று. பைத்தியமா என்று கேட்டார். கூண்டில் ஏற்றினார்கள். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டபோது, குற்றவாளி என்றேன். பிரேக் போதாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே சாவியைக் கொடுத்தேன் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் திரும்பச் சொன்னார். எனக்கும் சிங்களம் தெரியுமே, இரண்டு தடவை சொன்ன மாதிரி இருந்தது.

தீர்ப்பு அடுத்த மாதம். எத்தனை வருஷம் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

வெளியே கொண்டுவரும்போது நடைபாதையில் பாறூக் நானா நின்றார். மிகவும் மெலிந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "எண்ட மகனுக்கு அது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது நானா. நான் சொல்லல்ல. கார் நல்லம்னு நினச்சித்தான் கொண்டு போனாரு" என்றேன்.

"மூணு வருஷமா எல்லாரும் அவன்தான் உம்மாவக் கொண்டுபோய்ச் சாகடிச்சான்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சிறைக் காவலர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டு, போனில் வீட்டில் யாருக்கோ சொல்லிக்கொண்டு போனார். "ஆதிபுக்குத் தெரியாதாம். ஓம், பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதாம்."

உங்கள் தம்பி,
அஜந்தன்